விரிதாளும் தரவரிசையும்

பலர் கலந்துகொள்ளும் ஒரு போட்டியில் முதலிடம் யாருக்கு என்று சொல்லுவது பெரும்பாலும் எளிது. இரண்டாம் இடம் யாருக்கு, மூன்றாம் இடம் யாருக்கு என்று வருகிற போதுதான் தொல்லை தொடங்குகிறது. பேச்சுப் போட்டியாயினும், ஓட்டப் பந்தயமாயினும், வகுப்புத் தேர்வாயினும், மதிப்பெண்களைக் கூட்டுவது ஒரு வேலை. அவற்றைக் கொண்டு இன்னார்க்கு இன்ன இடம் என வகுப்பது மற்றொரு வேலை. முன்னது வெறுங் கணக்கு. பின்னது கணக்கும் நீதியும் கலந்தது. கணினி வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட இக்காலத்தில் இவ்விரண்டு வேலைகளையும் ஒரே பொறி ஒரே நொடியில் முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆதலின் இரண்டும் ஒன்றே என்னும் எண்ணம் பலரிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை, விரிதாளில் தரவரிசை அமைக்கும் முறையைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போர் எளிதில் உணர்வர்.

விரிதாள் என்பது கணக்கர்கள் பண்டு தொட்டுப் பயன்படுத்தி வந்த அகன்ற தாளின் கணினி வடிவமே. இடமிருந்து வலமாகச் செல்லும் வரி நிரை எனப்படும். மேலிருந்து கீழாக இறங்குவது நிரல். நிரையும் நிரலும் சந்திக்கும் இடம் கட்டம். நிரல்களுக்கு ஏ, பி, சி என எழுத்துகளும், நிரைகளுக்கு 1, 2, 3 என எண்களும் பெயராக அமைந்திருத்தலின், பி நிரலும் இரண்டாம் நிரையும் சந்திக்கும் கட்டத்துக்கு பி2 என்று பெயர். கட்டத்துள் எண்ணையோ சொல்லையோ எழுதலாம், சூத்திரத்தையும் எழுதலாம். சூத்திரம் எழுதப்பட்ட கட்டம் பிற கட்டங்களைப் பார்த்துத் தன் விடையைத் தானே கண்டுகொள்ளும். அவற்றுள் ஓர் எண் மாறினால் விடையும் உடனே மாறும். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்ளின் என்பார் இக்கருத்தைக் கொண்டு, பாப் பிராங்ஸ்டன் என்பாருடன் சேர்ந்து ஆக்கிய விசிகால்க் என்னும் நிரல்தொகுப்பு 1979 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் 1983 இல் லோட்டஸ் 1-2-3 உம், 1985 இல் மெக்கின்டாஷ் கணினிக்கென மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்செலும் வந்தன. இன்று பள்ளி அலுவலகம் முதல் கோவில் நிர்வாகக் குழு வரை எங்கும் வழங்குவது எக்செலும் அதனை ஒத்தவையுமே.

மேலே எத்தனை பேர்?

தரவரிசையின் இலக்கணம் மிகச் சிறியது. ஒருவருடைய இடம் யாது என அறிய வேண்டின், அவரைக் காட்டிலும் மிகுதியான மதிப்பெண் பெற்றவர் எத்தனை பேர் என எண்ணி, அத்தொகையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். மேலே ஒருவரும் இல்லையெனின் முதலிடம். மேலே நால்வர் இருப்பின் ஐந்தாம் இடம். இவ்வளவே. எக்செலில் உள்ள ரேங்க் என்னும் சார்பு செய்வது இவ்வெண்ணிக்கையைத்தான். அதனிடம் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: யாருடைய எண்ணுக்கு இடம் காண வேண்டும் என்பது ஒன்று, எந்தக் கூட்டத்தினிடையே காண வேண்டும் என்பது மற்றொன்று, பெரிய எண் சிறந்ததா, சிறிய எண் சிறந்ததா என்பது மூன்றாவது. மூன்றாவதைச் சொல்லாது விட்டால் பெரிய எண்ணே சிறந்தது எனப் பொறி கொள்ளும். ஓட்டப் பந்தயத்தில் நேரம் குறைந்தவரே வென்றவர் ஆதலின் அங்கு மூன்றாவது இடத்தில் 1 என்று எழுத வேண்டும். அப்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. பந்தயத்துக்கு வராத ஒருவனுடைய கட்டத்தை வெறுமையாக விட்டால் கேடில்லை. வரவில்லையே என்று சுழியை எழுதி வைத்தாலோ, சுழியினும் குறைந்த நேரம் வேறெவர்க்கும் இராதாகையால், ஓடாதவனுக்கே முதற்பரிசு கிடைத்துவிடும்!

இனி ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மேலே செல்லுதல் நலம். 2018 ஆம் ஆண்டில் ரஷ்யாவில் நடைபெற்ற உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் ‘எச்’ பிரிவில் இடம்பெற்ற நாடுகள் நான்கு. ஒவ்வொரு நாடும் மற்ற மூன்றோடும் ஒரு முறை ஆடின. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி. ஆட்டங்கள் முடிந்தபோது கொலம்பியா 6 புள்ளியும், ஜப்பான் 4 புள்ளியும், செனகல் 4 புள்ளியும், போலந்து 3 புள்ளியும் பெற்றிருந்தன. முதல் இரண்டு இடங்களைப் பெறும் நாடுகளுக்கே அடுத்த சுற்று. மற்ற இரண்டும் ஊர் திரும்ப வேண்டியதுதான். இந்நான்கு நாடுகளையும் இவ்வரிசையிலேயே ஏ நிரலில் இரண்டாம் நிரை முதல் ஐந்தாம் நிரை வரையிலும், அவற்றின் புள்ளிகளை பி நிரலிலும் எழுதியிருப்பதாகக் கொள்க.

கொலம்பியாவின் நிரையில் =ரேங்க்(பி2, பி2:பி5) என்று எழுதினால் 1 என விடை வரும். அச்சூத்திரத்தைக் கீழே உள்ள கட்டங்களுக்குப் படியெடுப்பது வழக்கம். அங்கேதான் புதியவர்கள் பெரிதும் வழுக்கி விழுகின்றனர். ஒரு நிரை கீழே இறங்கும்போது சூத்திரத்தில் உள்ள கட்டப் பெயர்கள் யாவும் தாமும் ஒரு நிரை இறங்கிக்கொள்ளும் என்பது விரிதாளின் இயல்பு. பி2 என்பது பி3 ஆவது வேண்டியதே. ஆனால் பி2:பி5 என்ற கூட்டமும் பி3:பி6 என்று நழுவிவிடுகிறது. ஜப்பானின் நிரையில் கொலம்பியா கூட்டத்திலேயே இல்லை. செனகலின் நிரையில் கொலம்பியாவும் இல்லை, ஜப்பானும் இல்லை. போலந்தோ தன்னையும் வெற்றுக் கட்டங்களையும் மட்டுமே ஒப்பிட்டுக்கொள்கிறது. முடிவில் நான்கு நாடுகளும் முதலிடம் என்று விரிதாள் அறிவித்துவிடும்! இதனைத் தவிர்க்கவே கூட்டத்தின் எல்லைகளில் டாலர் குறியை இட்டு =ரேங்க்(பி2, பி$2:பி$5) என எழுதுவர். டாலர் குறி இங்கே பணத்தைக் குறிப்பதன்று. ‘அசையாதே’ என்று கட்டத்துக்கு இடும் ஆணை அது. நால்வரும் முதலிடம் என்ற விடையைக் கண்டால் எவரும் பிழையை உணர்வர். மதிப்பெண்கள் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும் நூறு பேர் பட்டியலில், ஒருவன் பதினேழாம் இடத்திற்குப் பதிலாகப் பன்னிரண்டாம் இடம் பெற்றிருந்தால் அதனைக் கண்டுபிடிப்பார் யார்?

டாலர் குறி இட்டபின் வரும் விடை 1, 2, 2, 4 என்பது. ஜப்பானுக்கு மேலே ஒரு நாடு. செனகலுக்கும் மேலே ஒரே நாடு. ஆகவே இரண்டுக்கும் இரண்டாம் இடம். போலந்துக்கு மேலே மூன்று நாடுகள். ஆகவே நான்காம் இடம். மூன்றாம் இடம் எவர்க்கும் இல்லை.

மூன்றாம் இடம் எங்கே போயிற்று?

இவ்வாறு ஓர் இடத்தைத் தாண்டிச் செல்லுவது சரியா என்று கேட்போர் உளர். விளையாட்டு உலகம் பெரும்பாலும் இம்முறையையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2021 ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் உயரம் தாண்டும் போட்டியில் கத்தார் நாட்டு முத்தாஸ் பர்ஷிமும் இத்தாலி நாட்டு ஜியான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டர் தாண்டிச் சமநிலையில் நின்று, மேற்கொண்டு தாண்டிப் பார்க்காமல் தங்கப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். வெள்ளிப் பதக்கம் எவர்க்கும் வழங்கப்படவில்லை. பெலருஸ் நாட்டு மாக்சிம் நெதசேகவுக்குக் கிடைத்தது வெண்கலமே. அவருக்கு மேலே இருவர் இருந்தனர். ஆதலின் அவர் மூன்றாமவர். அவரும் அதே 2.37 மீட்டரைத் தாண்டியவர்தாம் என்பதும், தவறிய முயற்சிகளை எண்ணிப் பார்த்தே அவர் பின்னுக்கு வைக்கப்பட்டார் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கன.

வேறு முறைகளும் உண்டு. இடத்தைத் தாண்டாமல் 1, 2, 2, 3 என அடுத்தடுத்து இட்டுச் செல்லுவது ஒன்று. இதற்கு மேலேயுள்ள ஆட்களை எண்ணாமல், மேலேயுள்ள வெவ்வேறு மதிப்பெண்களை மட்டும் எண்ணுவர். பரிசுகள் மிகுதியாக உள்ள பள்ளி விழாக்களுக்கு இது பொருந்தும். இருவருக்கு மட்டுமே வழிவிடும் போட்டிக்கு இது சிறிதும் உதவாது. மற்றொரு முறை, சமநிலையில் உள்ளோர் பிடித்திருக்கும் இடங்களின் சராசரியை அவர்கட்குத் தருவது. ஜப்பானும் செனகலும் சேர்ந்து பிடித்திருப்பவை இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும். ஆகவே இரண்டுக்கும் 2.5. விளையாட்டு வீரரிடம் ‘உமக்கு இரண்டரையாவது இடம்’ என்று சொன்னால் நகைப்பார். ஆயினும் புள்ளியியல் அறிஞர்க்கு இதுவே வேண்டும். ஏனெனில் இம்முறையில் மட்டுமே இடங்களின் கூட்டுத்தொகை, எவர் எவரோடு சமமாக நின்றாலும், மாறாதிருக்கிறது. நான்கு பேர் என்றால் எப்போதும் பத்துத்தான். 1904 ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்பியர்மன் வெளியிட்ட தரவரிசை ஒட்டுறவுக் கணக்கும், 1945 இல் பிராங்க் வில்காக்சன் வெளியிட்ட சோதனையும் இடங்களையே எண்களாகக் கொண்டு நடப்பவை ஆதலின், அங்கெல்லாம் சராசரி இடமே வழங்குகிறது. இவ்விரு தேவைகளையும் கருதியே எக்செலின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய ரேங்க் சார்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ரேங்க்.ஈக்யூ என்பது பழைய முறைப்படி 1, 2, 2, 4 என்று தரும், ரேங்க்.ஏவிஜி என்பது 1, 2.5, 2.5, 4 என்று தரும்.

சமநிலையை அவிழ்த்தல்

ரஷ்யாவில் நடந்த போட்டிக்கு மீண்டும் வருவோம். இரண்டாம் இடத்தில் இரண்டு நாடுகள் நிற்கின்றன. வாயிலோ ஒருவருக்கு மட்டுமே திறந்திருக்கிறது. இத்தகைய நிலையை எதிர்நோக்கி அனைத்துலகக் காற்பந்துச் சங்கம் முன்கூட்டியே விதி வகுத்து வைத்திருந்தது. முதலில் புள்ளி; புள்ளி சமமாயின் அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வேறுபாடு; அதுவும் சமமாயின் அடித்த கோல்களின் எண்ணிக்கை; அதுவும் சமமாயின் அவ்விரு நாடுகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தின் முடிவு; அதற்கும் பின்னர் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் ஒழுக்கப் புள்ளி; எல்லாம் சமமாயின் திருவுளச் சீட்டு.

இவ்விதியைச் சூத்திரமாக்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகத் திரட்டுவது. புள்ளியை 10,000 ஆல் பெருக்கி, கோல் வேறுபாட்டை 100 ஆல் பெருக்கி, அடித்த கோலை அப்படியே வைத்து மூன்றையும் கூட்ட வேண்டும். கொலம்பியா அடித்த கோல் 5, வாங்கியது 2, வேறுபாடு 3. ஆகவே அதன் எண் 60,305. போலந்து அடித்தது 2, வாங்கியது 5, வேறுபாடு குறை 3. அதன் எண் 29,702. ஜப்பான் அடித்தது 4, வாங்கியது 4, எண் 40,004. செனகல் அடித்தது 4, வாங்கியதும் 4. எண் அதே 40,004! இந்த எண்களை ரேங்க் சார்பிடம் கொடுத்தால் மூன்று விதிகளும் ஒருங்கே செயற்பட்டுவிடும்.

இவ்வழி சுருக்கமானது; ஆனால் பெருக்கும் எண்களைத் தேர்வதில் கவனம் பிசகினால் நீதி தலைகீழாகிவிடும். 10,000 என்பதற்குப் பதிலாகப் புள்ளியை வெறும் 10 ஆல் பெருக்கிக் கோல் வேறுபாட்டை அப்படியே கூட்டினார் ஒருவர் எனக் கொள்க. 4 புள்ளியும் சுழி வேறுபாடும் உள்ள குழுவுக்கு 40 வரும். எளிய எதிரியை 12 கோல் வேறுபாட்டில் வென்று, மற்ற இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோலிலும் இரண்டு கோலிலும் தோற்று, 3 புள்ளியும் 9 வேறுபாடும் பெற்ற குழுவுக்கு 39 வரும். அந்த வெற்றி 14 கோலாக இருந்திருப்பின் 41 ஆகி, குறைந்த புள்ளி உள்ள குழு மேலேறிவிடும். கீழ்ப்படியில் உள்ள விதி எவ்வளவு பெரிதாயினும் மேற்படியில் உள்ள ஒன்றை எட்டாதவாறு இடைவெளி விட வேண்டும் என்பதே இங்கு இலக்கணம். அதற்காக இடைவெளியை அளவின்றிப் பெருக்குவதும் ஆகாது. எக்செல் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஏழெட்டு விதிகளை ஒரே எண்ணுக்குள் திணிப்பாரின் கடைசி விதி ஓசையின்றி உதிர்ந்துபோகும்.

இரண்டாவது வழி நீளமானது, ஆயினும் நேர்மையானது. அது பழைய இலக்கணத்துக்கே திரும்புகிறது: மேலே எத்தனை பேர்? ஒரு நாட்டுக்கு மேலே இருக்கக் கூடியோர் மூவகையினர். புள்ளி மிகுந்தோர், புள்ளி சமமாக இருந்து வேறுபாடு மிகுந்தோர், புள்ளியும் வேறுபாடும் சமமாக இருந்து அடித்த கோல் மிகுந்தோர். ஒருவரே இரு வகையில் வரமாட்டார். ஆகவே மூவகையினரையும் தனித்தனியே எண்ணிக் கூட்டி, ஒன்றைச் சேர்த்தால் இடம் கிடைத்துவிடும். பல நிபந்தனைகளை ஒருங்கே சொல்லி எண்ணச் செய்யும் கவுண்ட்இஃப்ஸ் என்னும் சார்பு எக்செலின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தபின் இது எளிதாயிற்று. முதல் வகைக்கு =கவுண்ட்இஃப்ஸ்(பி$2:பி$5, ">"&பி2) என்பது போதும்; பின் இரண்டு வகைகளுக்கும் நிபந்தனைகள் ஒவ்வொன்றாய்க் கூடும். பெருக்கும் எண்ணும் இல்லை, இலக்கம் உதிரும் அச்சமும் இல்லை. சூத்திரத்தைப் படிப்பவருக்கு விதி அப்படியே கண்முன் நிற்கும். முறையீடு எழக்கூடிய போட்டிகளுக்கு இவ்வழியே தக்கது.

எவ்வழியிற் சென்றாலும் ஜப்பானும் செனகலும் பிரியவில்லை. நான்காவது விதியாகிய நேருக்கு நேர் ஆட்டமோ இயல்பிலேயே வேறானது. புள்ளியும் கோலும் ஒரு நாட்டுக்குத் தனியே உரியவை. அவற்றை அந்நாட்டின் நிரையில் எழுதி வைக்கலாம். நேருக்கு நேர் முடிவு இரு நாடுகளுக்கிடையே உள்ள உறவு. அதற்கெனத் தனியாக ஒரு கட்டம் இல்லை. யார் யார் சமமாக நிற்கின்றனர் என்பதை முதலில் கண்டு, அதன்பின் அவர்கள் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்துப் புதியதொரு சிறு பட்டியல் அமைக்க வேண்டும். மூன்று நாடுகள் சமமாக நின்று, முதல் நாடு இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது முதலாவதையும் வென்றிருந்தால் அச்சிறு பட்டியலும் சுற்றிச் சுற்றி வருமேயன்றி முடிவு தராது. ‘எச்’ பிரிவில் அத்துணைச் சிக்கல் எழவில்லை. ஜப்பானும் செனகலும் தமக்குள் ஆடிய ஆட்டம் 2-2 எனச் சமமாகவே முடிந்திருந்தது.

எஞ்சியது ஒழுக்கப் புள்ளி. ஒரு மஞ்சள் அட்டைக்கு ஒரு புள்ளி குறையும். ஜப்பான் வீரர் பெற்ற மஞ்சள் அட்டைகள் 4. செனகல் வீரர் பெற்றவை 6. இவ்விரண்டு அட்டை வேறுபாட்டினால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது, செனகல் வெளியேறியது. உலகக் கிண்ண வரலாற்றில் இவ்விதியால் ஒரு நாடு வெளியேறியது அதுவே முதன்முறை.

அந்த நாளில், 2018 ஜூன் 28 அன்று, தரவரிசைச் சூத்திரம் ஆட்டக்காரர்களின் கால்களையே ஆட்டிவைத்தது எனலாம். ஓல்காகிராட் நகரில் ஜப்பானும் போலந்தும், சமாரா நகரில் செனகலும் கொலம்பியாவும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. 59 ஆம் நிமிடத்தில் போலந்து ஒரு கோல் அடித்தது. அக்கணத்தில் செனகலுக்கு 5 புள்ளி. கொலம்பியாவுக்கும் ஜப்பானுக்கும் நந்நான்கு. கோல் வேறுபாட்டில் கொலம்பியா முந்தியிருந்ததால் ஜப்பான் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. 74 ஆம் நிமிடத்தில் சமாராவில் கொலம்பியா ஒரு கோல் அடித்தது. ஜப்பான் ஆட்டக்காரர் ஒருவரும் எதுவும் செய்யாமலேயே அந்நாடு மீண்டும் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. இரண்டு அட்டைகளின் பலத்தில் ஏறிய ஏற்றம் அது. அதனை அறிந்த ஜப்பானியப் பயிற்றுநர் அகிரா நிஷினோ, கோல் அடிக்க முயன்று மற்றொரு கோலையோ ஒரு மஞ்சள் அட்டையையோ வாங்கிக்கொள்வதினும், உள்ளபடியே தோற்பது மேல் என முடிவு செய்தார். ஏறத்தாழக் கடைசிப் பத்து நிமிடங்களும் ஜப்பானியர் பந்தைத் தமக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தனர். காண வந்தோர் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினர். செனகல் ஒரு கோல் அடித்திருந்தால் அத்திட்டம் பாழாகியிருக்கும், அடிக்கவில்லை. தோல்வியைத் தேடிக்கொள்ளும்படி செய்த விதி நல்ல விதியா என்ற கேள்வி அன்று பலராலும் எழுப்பப்பட்டது. கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அவ்விதி போட்டி தொடங்குமுன்னரே எல்லார்க்கும் அறிவிக்கப்பட்டிருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

பெயர் வரிசை தரும் வெற்றி

அறிவிக்கப்படாத விதி ஒன்று பல விரிதாள்களில் மறைந்து கிடப்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். சமநிலையில் இருவருக்கு ஒரே இடம் வந்தால், பட்டியலை இட வரிசைப்படி மாற்றி எழுதும்போது குழப்பம் நேர்கிறது. மூன்றாம் இடத்தில் யார் என்று மேட்ச் என்னும் தேடும் சார்பைக் கேட்டால், அவ்வாறு ஒருவரும் இலர் எனப் பிழைக்குறியைக் காட்டும். லார்ஜ் என்னும் சார்பைக் கொண்டு இரண்டாவது பெரிய எண், மூன்றாவது பெரிய எண் என எடுத்து, அவ்வெண்ணுக்கு உரியவர் பெயரைத் தேடினாலோ, தேடும் சார்பு முதலில் கண்டவரோடு நின்றுவிடுவதால், ஜப்பானின் பெயர் இருமுறை வரும். செனகல் பட்டியலிலிருந்தே மறைந்துபோகும். பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவன் பெயர் விடுபட்டுப்போவதற்கு இஃது ஒரு காரணமாக இருப்பதுண்டு.

இதனைத் தீர்க்கப் பலரும் கையாளும் தந்திரம் ஒன்று உண்டு. ரேங்க் தந்த இடத்தோடு, அதே மதிப்பெண் இதற்கு முன் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிக் கூட்டிவிடுவர்: =ரேங்க்(பி2, பி$2:பி$5)+கவுண்ட்இஃப்(பி$2:பி2, பி2)-1 என்பது அச்சூத்திரம். கூட்டத்தின் தொடக்கம் மட்டும் டாலரால் கட்டப்பட்டு, முடிவு நிரைதோறும் நீண்டுகொண்டே செல்லும் அமைப்பு மிக நுட்பமானது, பாராட்டத்தக்கது. அதன் பயனாக 1, 2, 3, 4 என ஒருவர்க்கு ஓர் இடமாக அழகாக வந்துவிடும்.

ஆனால் ஜப்பானுக்கு 2 உம் செனகலுக்கு 3 உம் வந்தது எதனால்? பட்டியலில் ஜப்பான் மேலே எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே. ஆங்கில அகர வரிசைப்படி எழுதியிருந்தாலும் ஜப்பானே முன்னே வரும். தமிழ் அகர வரிசைப்படி எழுதியிருந்தால், கிரந்த எழுத்துகள் இறுதியில் வைக்கப்படும் ஆதலின், செனகல் முன்னும் ஜப்பான் பின்னும் வந்து, செனகல் அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும்! புதிய எக்செலில் உள்ள சார்ட்பை என்னும் சார்பு பல விதிகளை ஒருங்கே ஏற்றுக்கொண்டு எவர் பெயரும் விடுபடாமல் வரிசைப்படுத்தித் தரும் எனினும், எல்லா விதிகளிலும் சமமாக நிற்போரை அதுவும் எழுதிய வரிசையிலேயேதான் வைக்கும். பெயரின் முதலெழுத்தால் இடம் பெறுவது எந்தப் போட்டியின் விதிப் புத்தகத்திலும் பெரும்பாலும் காணப்படாத விதி. ஆகவே இந்தத் தந்திரத்தைப் பட்டியலின் தோற்றத்துக்காக மட்டும் பயன்படுத்தி, பரிசுக்கு உரிய இடத்தை வேறொரு நிரலில் ரேங்க் தந்தவாறே வைத்திருப்பது அறிவுடைமை.

பின்ன எண்களின் சூழ்ச்சி

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. உண்மையில் சமமாக நிற்பவரைப் பொறி பிரித்துவிடுவது அது. காற்பந்தில் எல்லாம் முழு எண்கள், இத்தொல்லை இல்லை. நடுவர் பலர் பின்னங்களில் மதிப்பெண் தரும் நடனப் போட்டி, பேச்சுப் போட்டி முதலியவற்றில் அஃது எழும். மூன்றில் ஒரு பங்கைத் தசம எண்ணாக எழுதப் புகுந்தால் 0.333 என முடிவின்றி நீளுதல் யாவரும் அறிந்ததே. கணினியோ இரண்டை அடியாகக் கொண்ட எண்முறையில் கணக்கிடுகிறது. அம்முறையில் 0.1 என்ற எளிய எண்ணும் அவ்வாறே முடிவின்றி நீளும். எங்கேனும் ஓரிடத்தில் வெட்டத்தான் வேண்டும். அதனால் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டிய தொகை, நேராக எழுதிய 0.3 இலிருந்து அணுவளவு வேறுபடுகிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒருவருடைய மொத்தம் ஒரு வகையிற் கூட்டியும் மற்றவருடைய மொத்தம் வேறு வகையிற் கூட்டியும் வந்திருந்தால், கண்ணுக்கு 26.3 உம் 26.3 உமாக உள்ள இருவரை ரேங்க் சார்பு மேலும் கீழுமாக வைத்துவிடக் கூடும். மருந்து எளிதே: இடம் காண்பதற்கு முன் ரவுண்ட் என்னும் சார்பைக் கொண்டு மொத்தத்தை இத்தனை தசம இலக்கத்துக்கு எனத் திருத்திக்கொள்ள வேண்டும். எத்தனை இலக்கம் என்பதைப் போட்டிக்கு முன்னரே நடுவர்கள் முடிவு செய்துவிட வேண்டும். முடிவு தெரிந்தபின் இரண்டா மூன்றா என்று பேசத் தொடங்கினால் அது வேறு கதையாகிவிடும்.

திருவுளச் சீட்டு

எல்லா விதிகளும் தீர்ந்தபின் எஞ்சுவது சீட்டு. விரிதாளில் ரேண்ட் என்னும் சார்பு சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஏதேனும் ஓர் எண்ணைத் தரும். அதனைச் சமநிலையில் உள்ள ஒவ்வொருவர் நிரையிலும் எழுதிக் கடைசி விதியாகச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அச்சார்பு ஓயாது சீட்டு எடுத்துக்கொண்டே இருப்பது. தாளில் வேறெங்கோ ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அது புதிய எண்ணைத் தரும்; முன்பு இரண்டாம் இடத்தில் இருந்தவர் மூன்றாம் இடத்துக்குப் போய்விடுவார். ஆகவே சீட்டு எடுத்த உடனே, அவ்வெண்களைப் படியெடுத்து வெறும் மதிப்புகளாக அதே கட்டங்களில் ஒட்டிச் சூத்திரத்தை அழித்துவிட வேண்டும். அதனினும், சம்பந்தப்பட்டோர் முன்னிலையில் தாளில் எழுதிய சீட்டை எடுத்து, வந்த முடிவைக் கையால் கட்டத்தில் எழுதுவதே ஐயத்துக்கு இடமில்லாத வழி.

உலகக் கிண்ணத்தில் அவ்வாறும் நடந்திருக்கிறது. 1990 ஆம் ஆண்டில் இத்தாலியில் நடந்த போட்டியில் ‘எஃப்’ பிரிவில் அயர்லாந்தும் நெதர்லாந்தும் தத்தம் மூன்று ஆட்டங்களையும் சமநிலையிலேயே முடித்தன. இரண்டும் அடித்த கோல் 2. வாங்கிய கோல் 2. தமக்குள் ஆடியது 1-1. சீட்டு எடுக்கப்பட்டது. அயர்லாந்துக்கு இரண்டாம் இடமும் நெதர்லாந்துக்கு மூன்றாம் இடமும் விழுந்தன. அவ்வாண்டு விதிப்படி இரண்டு நாடுகளுமே அடுத்த சுற்றுக்குச் சென்றன; ஆனால் சென்ற வாயில்கள் வேறு. அயர்லாந்து ருமேனியாவை எதிர்த்தாடிப் பெனால்டி உதைகளில் வென்றது. நெதர்லாந்துக்கு வாய்த்தது மேற்கு ஜெர்மனி; 1-2 என்று தோற்று அந்நாடு ஊர் திரும்பியது. அவ்வாண்டுக் கிண்ணத்தை வென்றதும் மேற்கு ஜெர்மனியே.